அந்த ஒரு சைபருக்கு இடம் விட்டீங்களா? – வாசகர் கேள்வி பதில்

சி-ங்கற புரோகிராமிங் லாங்குவேஜ்ல வர்ற கேரக்டர் அர்ரே (எழுத்துங்களை கட்டம் கட்டமா வரிசையா வெக்கற இடம்), ஸ்ட்ரிங் (அப்படி வெச்ச வார்த்தை) ரெண்டையும் பத்தி சந்தேகம் இருந்தா எழுதுங்கனு போன இதழ்ல கேட்டிருந்தேன், நிறைய பேர் எழுதியிருக்கீங்க, காலேஜ் பசங்க, வேலைல இருக்கறவங்க, ஸ்கூல் டீச்சர், ரிட்டயர் ஆன ஒரு சார் கூட. ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: அக்கா, 7 கட்டம் இருக்கற கேரக்டர் அர்ரே எடுத்து அதுல மதுரைங்கற பேரை இங்கிலீஷ்ல போட்டேன், சரியா 7 எழுத்துதான். பிரிண்ட் பண்ணினா மதுரைக்குப் பின்னாடி என்னென்னமோ குப்பையா வருது. அதே புரோகிராம் ஃப்ரெண்ட் லேப்டாப்ல ஒழுங்கா ஓடுது. எரரும் காட்டல. ஏன்?
– பி.எஸ்சி. முதல் வருஷ மாணவி, சிவகாசி

பதில்: சி-ல ஸ்ட்ரிங்னு தனியா ஒரு பொருளே கிடையாதும்மா. வரிசையா எழுத்துங்க இருக்கும், கடைசில மதிப்பு 0 இருக்கற ஒரு பைட் (ஒரு கட்டம் அளவு மெமரி) இருக்கும், அந்த 0 வந்தா வார்த்தை முடிஞ்சுதுனு எல்லாரும் பேசி வெச்சுக்கிட்ட ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். திரைல காட்டற பிரிண்ட்எஃப் ஃபங்ஷன்கிட்ட நீ அர்ரேவைக் கொடுக்கும்போது எத்தனை கட்டம்னு அதுக்குத் தெரியாது, முதல் கட்டம் எங்க இருக்குன்னு மட்டும்தான் தெரியும், அங்கேருந்து 0 வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா எழுதிட்டே போகும். உன் 7 கட்டத்துலயும் எழுத்தே உட்கார்ந்துருச்சு, 0-க்கு இடமே இல்ல, அதனால அது உன் அர்ரேவைத் தாண்டி பக்கத்து மெமரிக்குள்ள போயி அங்க என்ன கிடக்குதோ அதையும் எழுத்துனு நினைச்சு காட்டுது. உன் ஃப்ரெண்ட் லேப்டாப்ல எட்டாவது பைட்ல தற்செயலா ஒரு 0 கிடந்திருக்கும், நாளைக்கு இன்னொரு வேரியபிள் சேர்த்தா அங்கயும் குப்பை வரலாம்.

எரர் ஏன் வரலைனா, சி-ல இப்படி எழுதறது விதிப்படி தப்பில்ல, 0-ஐ மட்டும் விட்டுட்டு மிச்சத்தை நிரப்பிக்கும். சி பிளஸ் பிளஸ்ல இதே வரி கம்பைலே ஆகாது. 8 கட்டம் எடு, இல்லனா சதுர அடைப்புக்குள்ள எண்ணே போடாம காலியா விடு, கம்பைலரே (புரோகிராமை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற சாஃப்ட்வேர்) எண்ணி 0-க்கும் சேர்த்து இடம் எடுத்துக்கும், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச வழி.

இதை நான் சாதாரணமா சொல்லல. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஸ்டாக் கணக்கு பார்க்கற ஒரு புரோகிராம்ல சில பொருளுக்கு மட்டும் எண்ணிக்கை திடீர்னு 0 ஆயிரும், ரெண்டு நாள் தேடினோம். பொருளோட அடையாளக் கோடு (code) 12 எழுத்து, ஸ்ட்ரக்சர்ல (பல விவரத்தை ஒண்ணா அடுக்கி வெக்கற அமைப்பு) அதுக்கு 12 கட்டம், அடுத்த கட்டத்துலயே எண்ணிக்கை. ஸ்ட்ரிங் காப்பி பண்ணும்போது 12 எழுத்தையும் எழுதிட்டு 13-ஆவதா 0-ஐயும் எழுதுது, அது போய் எண்ணிக்கையோட முதல் பைட்ல உட்காருது, 256-க்கு கம்மியா ஸ்டாக் இருக்கற பொருள் எல்லாம் 0 ஆயிருது. 12-ஐ 13 ஆக்கினோம், சரியாப்போச்சு. அன்னிலேருந்து எந்த அர்ரேவைப் பார்த்தாலும் 0-க்கு இடம் இருக்கானுதான் முதல்ல பார்ப்பேன்.

கேள்வி: அந்த 0-வும், கீபோர்டுல அடிக்கற 0-வும் ஒண்ணுதானா?
– பாலிடெக்னிக் மாணவர், கரூர்

பதில்: இல்ல தம்பி. கீபோர்டுல அடிக்கற 0 ஒரு எழுத்து, ஆஸ்கிங்கற எழுத்து-எண் அட்டவணைல அதோட மதிப்பு 48. ஸ்ட்ரிங் முடிவுல வர்றது மதிப்பே 0. அதனாலதான் அதை ஒற்றை மேற்கோளுக்குள்ள பேக்ஸ்லாஷ் போட்டு 0 எழுதறோம், பேக்ஸ்லாஷ் மறந்தா 48 போய் உட்கார்ந்து வார்த்தை முடியவே முடியாது. இலக்க எழுத்தை எண்ணா மாத்த 48-ஐ கழிக்கறதும் இதே காரணத்துக்குத்தான்.

கேள்வி: சைஸ்ஆஃப் போட்டா 20 வருது, ஸ்டிரிங் லெங்த் போட்டா 5 வருது, அதே அர்ரேவை ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பி உள்ள சைஸ்ஆஃப் போட்டா 8 வருது. மூணுல எதை நம்பறது?
– இன்ஜினியரிங் மாணவி, நாமக்கல்

பதில்: மூணுமே சரிதான், மூணும் வேற வேற கேள்விக்கான பதில். பெட்டி எவ்வளவு பெருசுனு சைஸ்ஆஃப் சொல்லுது, 20 பைட். பெட்டிக்குள்ள இப்ப எத்தனை எழுத்து இருக்குனு லெங்த் சொல்லுது, 0-ஐ சேர்க்காம 5. ஃபங்ஷனுக்கு அனுப்பும்போது பெட்டி போகலம்மா, பெட்டி எங்க இருக்குங்கற அட்ரஸ் மட்டும்தான் போகுது, 64 பிட் மெஷின்ல ஒரு அட்ரஸுக்கு 8 பைட், அதைத்தான் உள்ள பார்க்கற. ஃபங்ஷன் தலைப்புல சதுர அடைப்பு போட்டு அர்ரே மாதிரியே எழுதியிருந்தாலும் கம்பைலர் அதை பாயிண்டராத்தான், அதாவது அட்ரஸை வெச்சுக்கற வேரியபிளாத்தான் எடுத்துக்கும். அதனால ஃபங்ஷனுக்கு அர்ரே கொடுக்கும்போது அதோட அளவையும் இன்னொரு ஆர்க்யுமெண்டா கொடுத்துடு, எப்பவுமே.

கேள்வி: நான் அந்தக் காலத்துல பாஸ்கல்ல வேலை பார்த்தவன், ரிட்டயர் ஆகிட்டேன், இப்ப பேரனுக்கு சி சொல்லித் தர்றேன். நாங்க யூஸ் பண்ணின பாஸ்கல்ல ஸ்ட்ரிங்கோட நீளம் முதல் பைட்லயே இருக்கும். அது எவ்வளவோ வசதி ஆச்சே, சி-காரங்க ஏன் கடைசில 0 வெச்சாங்க?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சார், உங்க கேள்விக்கு பதில் சி பிறக்கறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்குது. சி-யோட தாத்தா பிசிபிஎல்ங்கற லாங்குவேஜ், மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1960-கள்ல உருவாக்கினது. அதுல நீங்க சொல்ற மாதிரியேதான், நீளம் முதல் பைட்ல இருக்கும். பெல் லேப்ஸ்ல கென் தாம்சன் அதைச் சுருக்கி பி-ங்கற லாங்குவேஜ் பண்ணும்போது நீளத்தைத் தூக்கிட்டு கடைசில ஒரு முடிவுக் குறி வெச்சார். அப்புறம் டென்னிஸ் ரிட்ச்சி 1970-கள் தொடக்கத்துல சி-யைக் கொண்டு வந்தப்ப அதே பழக்கம் தொடர்ந்துச்சு, குறி மட்டும் 0 ஆச்சு. காரணம் என்னனு ரிட்ச்சியே பின்னாடி எழுதி வெச்சிருக்கார். நீளத்தை 8 பிட்லயோ 9 பிட்லயோ அடைச்சா ஸ்ட்ரிங் எவ்வளவு பெருசா இருக்கலாம்ங்கறதுக்கு ஒரு வரம்பு வந்துருது (உங்க பாஸ்கல்ல 255-ஐத் தாண்ட முடியாம நீங்களும் தவிச்சிருப்பீங்க), அது போக நீளத்தை ஒவ்வொரு தடவையும் மாத்தி சரியா வெச்சுக்கறதைவிட முடிவுக் குறி அவங்க அனுபவத்துல வசதியா இருந்துச்சாம். ஒவ்வொரு பைட்டையும் எண்ணிப் பார்த்து செலவு பண்ணின காலம், அன்னிக்கு அது நியாயமான முடிவுதான்னு நான் நினைக்கறேன்.

ஆனா அதுக்கு நாம இன்னிக்கும் விலை கொடுத்துட்டு இருக்கோம். நீளம் எங்கயும் எழுதி வெக்காததால லெங்த் கேட்கற ஒவ்வொரு தடவையும் முதல் எழுத்துலேருந்து எண்ணணும். பேரனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்க: 5 எழுத்து வார்த்தைங்க 1000-ஐ ஸ்டிரிங் கேட்ங்கற ஒட்டற ஃபங்ஷனை வெச்சு ஒண்ணு பின்னாடி ஒண்ணா ஒட்டறோம்னு வைங்க, ஒவ்வொரு தடவையும் அது ஆரம்பத்துலேருந்து நடந்து வந்து 0 எங்கனு கண்டுபிடிச்சுதான் ஒட்டும், ஒட்டினது மொத்தம் 5000 எழுத்துதான் ஆனா நடந்தது கிட்டத்தட்ட 25 லட்சம் கட்டம். கடைசியா எங்க முடிஞ்சுதுங்கற அட்ரஸை ஒரு பாயிண்டர்ல வெச்சுக்கிட்டு அங்கேருந்து எழுதினா இந்த நடை மொத்தமும் மிச்சம். ஜாவா, பைத்தான் எல்லாம் நீளத்தைக் கூடவே வெச்சுக்குது, உங்க பாஸ்கல் வழிதான் கடைசில ஜெயிச்சிருக்குனு தாராளமா சொல்லலாம் சார்.

கேள்வி: கேரக்டர் பாயிண்டர்ல நேரா ஒரு வார்த்தையை வெச்சு அதோட முதல் எழுத்தை மாத்தினேன், செக்மெண்டேஷன் ஃபால்ட்னு நின்னுருச்சு. அர்ரேல பண்ணினா வேலை செய்யுது. ரெண்டும் ஒண்ணுனுதானே வகுப்புல சொன்னாங்க?
– எம்.சி.ஏ. மாணவர், தஞ்சாவூர்

பதில்: ஒண்ணு இல்ல தம்பி. அர்ரேனு எழுதினா அந்த வார்த்தையோட ஒரு பிரதி உன் சொந்தப் பெட்டிக்குள்ள வந்துருது, நீ என்ன வேணா அடிச்சுத் திருத்தலாம். பாயிண்டர்னு எழுதினா உன்கிட்ட இருக்கறது வெறும் அட்ரஸ், வார்த்தை புரோகிராமோட இன்னொரு பக்கத்துல இருக்கு, இன்னிக்கு இருக்கற சிஸ்டம் பெரும்பாலும் அந்த இடத்தைப் படிக்க மட்டும்தான் விடும், எழுதப் போனா நிறுத்திரும். அதை மாத்தினா என்ன நடக்கும்னு சி ஸ்டாண்டர்ட் எந்த உத்தரவாதமும் தரல, அதனால பழைய டர்போ சி-ல மாத்த முடிஞ்சுதுனு யாராவது சொன்னாலும் அதை நம்பி எழுதாத. அந்த மாதிரி பாயிண்டர் எழுதும்போது முன்னாடி கான்ஸ்ட் சேர்த்துக்க, தப்பித் தவறி மாத்தப் போனா கம்பைல் பண்ணும்போதே சொல்லிரும்.

கேள்வி: பாஸ்வேர்டு சரியானு பார்க்க ரெண்டு ஈக்வல் போட்டு கம்பேர் பண்ணினேன், சரியா அடிச்சாலும் தப்புனே வருது.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: ரெண்டு ஈக்வல் ரெண்டு பெட்டியோட அட்ரஸைத்தான் கம்பேர் பண்ணுது, உள்ள இருக்கறதை இல்ல. ஸ்டிரிங் கம்பேர் ஃபங்ஷனை யூஸ் பண்ணுங்க, ஒண்ணா இருந்தா 0 வரும், 0-னா பொய்னு நினைச்சு இஃப் கண்டிஷனைத் தலைகீழா எழுதிடாதீங்க, அங்க நிறைய பேர் வழுக்கறாங்க. ஜாவாலயும் இதே கதைதான், அங்க ஈக்வல்ஸ்னு மெத்தட் இருக்கு. பாஸ்வேர்டுனு சொன்னதால இன்னொண்ணும் சொல்லிடறேன், ஜாவால பாஸ்வேர்டை ஸ்ட்ரிங்ல வெக்காம கேரக்டர் அர்ரேல வெக்கணும்னு சொல்றது வெறும் சம்பிரதாயம் இல்ல, ஜாவா ஸ்ட்ரிங்கை மாத்தவே முடியாது, வேலை முடிஞ்சப்புறமும் மெமரில எவ்வளவு நேரம் கிடக்கும்னு சொல்ல முடியாது, அர்ரேனா முடிஞ்ச உடனே ஒவ்வொரு கட்டத்தையும் அழிச்சிரலாம். ஜாவாவோட ஸ்விங்ல (திரைல ஜன்னல், பெட்டி எல்லாம் காட்ட உதவற லைப்ரரி) இருக்கற பாஸ்வேர்டு பெட்டி கேரக்டர் அர்ரேவாவே திருப்பித் தர்றது அதுக்குத்தான்.

கேள்வி: பேர் வாங்க ஸ்கேன்எஃப் போட்டா இனிஷியல் மட்டும் வருது, பேரைக் காணோம். லேப்ல கெட்ஸ் போடச் சொன்னாங்க, ரெக்கார்டு நோட்லயும் கெட்ஸ்தான் இருக்கு. ஆனா வீட்டுல லினக்ஸ்ல கம்பைல் பண்ணினா கெட்ஸ் ஆபத்தானது, யூஸ் பண்ணக் கூடாதுனு வார்னிங் வருது. எக்ஸ்டர்னல் வர்றதுக்குள்ள சொல்லுங்க அக்கா.
– பி.சி.ஏ. மாணவர், விழுப்புரம்

பதில்: நம்ம ஊர்ல இனிஷியலை முன்னாடி போட்டு ஒரு இடம் விட்டுத்தான பேர் எழுதறோம், ஸ்கேன்எஃப் அந்த இடத்தைப் பார்த்ததும் வார்த்தை முடிஞ்சுதுனு நிறுத்திரும். அதனால இனிஷியலோட நின்னுருச்சு, சரி.

கெட்ஸ் விஷயம் பெருசு, பொறுமையாப் படி. கெட்ஸ் கீபோர்டுலேருந்து ஒரு வரி முழுக்க வாங்கற ஃபங்ஷன், அதுகிட்ட உன் பெட்டி எங்க இருக்குன்னு சொல்ற, ஆனா எவ்வளவு பெருசுனு சொல்ல வழியே இல்ல. 30 கட்டம் வெச்சிருக்க, எவனாவது 300 எழுத்து அடிச்சா 300-ஐயும் எழுதிட்டே போகும். ஒரு ஃபங்ஷனுக்குள்ள இருக்கற அர்ரே ஸ்டாக்குங்கற (stack) மெமரிப் பகுதில இருக்கும், அதே ஸ்டாக்லதான் ஃபங்ஷன் முடிஞ்சதும் எங்க திரும்பிப் போகணும்ங்கற அட்ரஸும் இருக்கும், பெட்டியைத் தாண்டி எழுதினா அந்த அட்ரஸ் மேலயே எழுதிரலாம், அதாவது எதை அடிக்கணும்னு தெரிஞ்சவன் உன் புரோகிராமை அவன் நினைச்ச இடத்துக்கு அனுப்பிரலாம்.

இது நிஜமாவே நடந்துச்சு. 1988 நவம்பர் 2-ஆம் தேதி ராத்திரி அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டில படிச்சிட்டிருந்த ராபர்ட் டாப்பன் மோரிஸ்ங்கற மாணவர் ஒரு புரோகிராமை நெட்ல விட்டார், தானாவே ஒரு மெஷின்லேருந்து இன்னொரு மெஷினுக்குப் பரவுற மாதிரி. அது உள்ள நுழைஞ்ச வழிகள்ல ஒண்ணு, யூனிக்ஸ்ல ஃபிங்கர்ங்கற சேவை, யார் லாகின் பண்ணியிருக்காங்கனு சொல்றது. அந்த சேவை கெட்ஸ் வெச்சு 512 பைட் பெட்டில ஒரு வரி வாங்கிட்டிருந்துச்சு. மோரிஸோட புரோகிராம் 512-க்கு மேல அனுப்பிச்சு, திரும்பிப் போற அட்ரஸை மாத்திச்சு, அவ்வளவுதான், வாக்ஸ்ங்கற வகை கம்ப்யூட்டர் அவர் கைக்குப் போயிருச்சு. அது பரவுற வேகத்துல ஆயிரக்கணக்கான மெஷின் திணறி நின்னுச்சு. 1990-ல கோர்ட்டு அவருக்கு 3 வருஷம் நன்னடத்தைக் காவல், 400 மணி நேரம் சமூக சேவை, அதோட 10,000 டாலருக்கு மேல அபராதம் போட்டுச்சு. இவ்வளவுக்கும் உள்ள போற ஒரு கதவு, பெட்டியோட அளவைக் கேட்காத ஒரு ஃபங்ஷன்.

2011-ல வந்த சி ஸ்டாண்டர்ட்ல கெட்ஸை மொத்தமாவே எடுத்துட்டாங்க. இன்னும் ரெக்கார்டு நோட்ல அது இருக்கறது எனக்கு மனசு வலிக்குது, முதல் வருஷத்துல கை பழகினது வேலைக்குப் போனப்புறமும் கூடவே வரும். எஃப்கெட்ஸ் போடு. பெட்டி பேர், அளவு, எஸ்டிடின் (கீபோர்டுலேருந்து வாங்குனு அர்த்தம்), மூணும் கொடு. 30 கொடுத்தா 29 எழுத்து வாங்கிட்டு 0-வை அதுவே வெச்சிரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க, நீ அடிக்கற எண்டரையும் சேர்த்து உள்ள போட்டுரும், அதனாலதான் எஃப்கெட்ஸ்ல வாங்கின பேரை கம்பேர் பண்ணினா பொருந்தாம போகும். கடைசில நியூலைன் இருந்தா அந்த இடத்துல 0 போட்டுடு. நியூலைன் இல்லைனா ஒண்ணு வரி பெட்டியைவிட நீளம், மிச்சம் இன்னும் உள்ள வராம காத்திட்டிருக்கு, இல்லனா வர்ற விஷயமே அங்க முடிஞ்சு போச்சு. வைவால கேட்டா இதைச் சொல்லு தம்பி, தைரியமா சொல்லு.

கேள்வி: ஸ்டிரிங் காப்பி ஆபத்து, அதனால நடுவுல n எழுத்து சேர்ந்த ஸ்டிரிங் காப்பியை (strncpy) யூஸ் பண்ணுனு டீம்ல சொல்றாங்க. அது பாதுகாப்பா?
– மென்பொருள் ஊழியர், ஓசூர்

பதில்: பாதிதான். பெட்டியைத் தாண்டி எழுதாது, ஆனா வர்ற வார்த்தை பெட்டி அளவுக்கோ அதுக்கு மேலயோ இருந்தா கடைசில 0 வெக்காது, அப்ப முதல் கேள்வில வந்த குப்பை இங்கயும் வரும். வார்த்தை சின்னதா இருந்தா மிச்ச கட்டம் எல்லாத்துலயும் 0 நிரப்பிட்டு உட்கார்ந்திருக்கும், பெட்டி பெருசுனா அதுவும் வீண் வேலை. ஏன் இப்படினா அது பழைய யூனிக்ஸ்ல ஃபைல் பேரை 14 கட்டத்துல அடைக்கற மாதிரி நிலையான அகல ஃபீல்டுங்களுக்காக வந்தது, அங்க 14 எழுத்தும் நிரம்பிட்டா 0 தேவையில்ல. எஸ்என்பிரிண்ட்எஃப் போடுங்க, அளவு சைபரா இல்லாத வரைக்கும் முடிவுல 0 கண்டிப்பா இருக்கும், எவ்வளவு நீளம் வேண்டியிருந்துச்சுங்கறதையும் திருப்பித் தரும், அதை வெச்சு வெட்டுப்பட்டுச்சானு கண்டுபிடிச்சிரலாம்.

கேள்வி: ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பேலிண்ட்ரோம் (திருப்பிப் படிச்சாலும் அதே வார்த்தை) புரோகிராம் சொல்லிக் கொடுக்கறேன். இங்கிலீஷ் வார்த்தைக்கு சரியா வருது. ஒரு பையன் விகடகவினு தமிழ்ல அடிச்சான், இல்லைனு வந்துருச்சு. லெங்த் போட்டா 21-னு காட்டுது. பிள்ளைங்க முகத்துல என்ன சொல்றதுனு தெரியல.
– கம்ப்யூட்டர் டீச்சர், கோவில்பட்டி

பதில்: டீச்சர், அந்தப் பையனைத் தட்டிக் கொடுங்க, அவன் கேட்டதுதான் இந்த மாச கேள்விங்கள்லயே எனக்கு ரொம்பப் பிடிச்சது. முன்னாடிலேருந்து படிச்சாலும் பின்னாடிலேருந்து படிச்சாலும் ஒண்ணா வர்றதுக்கு நம்ம புலவருங்க மாலைமாற்றுனு பேரே வெச்சு செய்யுள் பாடியிருக்காங்க, அதை புரோகிராம் இல்லைனு சொன்னா புரோகிராம் மேலதான் தப்பு.

விகடகவியை நாம எப்படி எண்றோம்? வி, க, ட, க, வி, அஞ்சு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கற யுனிகோடு அதை வேற மாதிரி வெச்சிருக்கு, வி-ங்கறது ஒரு குறி இல்ல, வ ஒண்ணு, இகரக் கொக்கி ஒண்ணு, ரெண்டு குறி. அப்ப வ, கொக்கி, க, ட, க, வ, கொக்கி, மொத்தம் ஏழு. இந்த ஏழும் ஃபைல்ல யுடிஎஃப்-8 முறைல (யுனிகோடு எண்ணை பைட்டா மாத்தற முறை) எழுதப்படும்போது தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஏழு மூணு 21. சி-யோட லெங்த் எண்றது பைட்டைத்தான், அதனால 21. பைத்தான்லயோ ஜாவாலயோ போட்டா 7 வரும், ஸ்விஃப்ட்ல போட்டா 5 வரும். தமிழ்ங்கற வார்த்தையே 3 எழுத்து, 5 குறி, 15 பைட். எதை எண்றோம்னு சொல்லாம நீளம் எவ்வளவுனு கேட்க முடியாது.

இப்ப திருப்பிப் போட்டா என்ன ஆகும்னு பாருங்க. பைட்டா திருப்பினா எழுத்தே செதறிப் போயிரும், ஒண்ணும் தெரியாது. குறியா திருப்பினா கொக்கி, வ, க, ட, க, கொக்கி, வ-னு வரும், முதல்லயே ஒட்டிக்க மெய் இல்லாத கொக்கி நிக்கும், கடைசில வெறும் வ. எழுத்தா சேர்த்துட்டு அப்புறம் திருப்பினாத்தான் விகடகவி வரும்.

வகுப்புலயே செஞ்சு காட்டலாம், கஷ்டம் இல்ல. முதல்ல மூணு பைட்டை ஒரு குறியா மாத்தணும். க-வை எடுத்துக்கங்க, அதோட பைட்டுங்க 224, 174, 149. முதல்லேருந்து 224-ஐ கழிங்க, 0. ரெண்டாவதுலேருந்து 128-ஐ கழிச்சா 46, அதை 64-ஆல பெருக்கினா 2944. மூணாவதுலேருந்து 128-ஐ கழிச்சா 21. கூட்டினா 2965, யுனிகோடு அட்டவணைல க-வோட எண் அதுதான். (பைட்டை பிரிண்ட் பண்ணி 224-க்கு பதிலா -32 வந்தா பயப்படாதீங்க, பல கம்ப்யூட்டர்ல சாதா கேரக்டர் டைப் மைனஸும் வர்ற மாதிரி இருக்கும், அன்சைன்டு கேரக்டர்னு எழுதினா சரியாயிரும்.) தமிழுக்கு ஒதுக்கினது 2944-லேருந்து 3071 வரைக்கும். அதுல 3006-லேருந்து 3021-க்குள்ள இருக்கறதுதான் தனியா நிக்காத குறிங்க, கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாம் அங்க, 3031-ல ஔகாரக் குறியோட ஒரு துண்டும் இருக்கு. அப்ப விதி இதுதான்: வர்ற குறி இந்த எல்லைக்குள்ள இருந்தா அதை முன்னாடி எழுத்தோட ஒட்டு, இல்லைனா புது எழுத்து ஆரம்பி. இப்படி அஞ்சு துண்டாக்கி அர்ரேல வெச்சு முதலையும் கடைசியையும் பொருத்திப் பார்த்துட்டே உள்ள வாங்க. க்ஷ, ஸ்ரீ மாதிரி கிரந்தக் கூட்டெழுத்து வந்தா மட்டும் இந்த விதி ரெண்டாப் பிரிக்கும், அதுக்கு தனியா ஒரு இஃப் போட்டுக்கலாம்.

பைத்தான்ல பண்றதா இருந்தா ஓப்பன்-தமிழ்னு ஒரு லைப்ரரி இருக்கு, எழுத்தாப் பிரிச்சே கொடுக்கும். ஆனா பிள்ளைங்களுக்கு முதல்ல கையாலயே எழுத வைங்க டீச்சர், உயிர்மெய்னா என்னங்கற இலக்கணமும் அர்ரேவும் ஒரே நாள்ல புரியும். அடுத்து தேரு வருதே கொடுத்துப் பாருங்க, நடுவுல இருக்கற இடத்தை என்ன பண்றதுனு அவங்களே கேட்பாங்க. இலங்கைல தேதியை திகதினு சொல்றாங்களே, அதுவும் மாலைமாற்றுதான்.

கேள்வி: மளிகைக் கடை பில் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பொருள் பேருக்கு 20 பைட். சர்க்கரை, துவரம்பருப்புனு தமிழ்ல அடிச்சா கடைசில கறுப்பு டைமண்டுக்குள்ள கேள்விக்குறி வருது.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: 20 பைட்ல 0 போக 19, மூணு மூணா பிரிச்சா 6 குறி போக 1 பைட் மிஞ்சுது, அந்த ஒத்தை பைட் ஏழாவது குறியோட தலை மட்டும், உடம்பு வெட்டுப்பட்டுருச்சு, அதைப் படிக்க முடியாமத்தான் டைமண்ட் வருது. துவரம்பருப்பை எண்ணிப் பாருங்க, த, உகரம், வ, ர, ம, புள்ளி, ப, ர, உகரம், ப, புள்ளி, ப, உகரம், 13 குறி, 39 பைட், 0-வோட 40. பெட்டியை தாராளமா 100 ஆக்குங்க, மெமரி இன்னிக்கு அவ்வளவு கஷ்டம் இல்ல.

வெட்டித்தான் ஆகணும்னா வெட்டற இடத்துலேருந்து பின்னாடி வாங்க. யுடிஎஃப்-8-ல ஒரு நல்ல குணம், 128-லேருந்து 191-க்குள்ள இருக்கற பைட் எப்பவுமே ஒரு குறியோட தலைக்கு அப்புறம் வர்ற பகுதிதான், அது இல்லாத பைட் வர்ற வரைக்கும் பின்னாடி வந்தா குறியோட தலை கிடைச்சிரும், அங்க வெட்டலாம். 1992-ல கென் தாம்சனும் ராப் பைக்கும் இதை வடிவமைச்சப்ப நடுவுல எங்க விட்டாலும் இடம் கண்டுபிடிக்கற மாதிரி யோசிச்சு வெச்சாங்க, அதோட எந்தக் குறிக்குள்ளயும் 0 மதிப்புள்ள பைட் வராத மாதிரியும் வெச்சாங்க, அதனாலதான் 50 வருஷப் பழைய சி ஸ்ட்ரிங்குக்குள்ள தமிழ் இன்னிக்கு ஒரு சேதமும் இல்லாம உட்காருது. ரசீதுல அழகா வரணும்னா குறியோட நிறுத்தாம எழுத்தோட தலை வரைக்கும் பின்னாடி வாங்க, இல்லனா பருப்பு-ங்கறது பருப-னு நிக்கும், கடைக்கு வர்ற பெரியவங்க அதைப் பார்த்து பில்லே தப்புனு நினைப்பாங்க. மேல டீச்சருக்கு சொன்ன அதே 3006, 3021 எல்லைதான்.

கேள்வி: எங்க சங்கத்து உறுப்பினர் பட்டியல்ல கொடிங்கற வார்த்தை வர்ற பேரைத் தேடினா சிலது கிடைக்குது, சிலது கிடைக்கல. ஸ்கிரீன்ல ஒரே மாதிரிதான் இருக்கு. கௌரிங்கற பேருக்கும் அப்படியே.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இது ரெண்டு தனித்தனி பிரச்சினை, பார்க்க ஒண்ணு மாதிரி இருக்கு. கொ-வை ரெண்டு விதமா எழுதி வெக்க முடியும், க-வுக்கு அப்புறம் 3018-ங்கற ஒரே குறி, இல்லனா ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006-னு ரெண்டு குறி. ரெண்டும் ஒண்ணுதான்னு யுனிகோடே சொல்லுது, ஆனா ஸ்டிரிங் கம்பேருக்கு அது தெரியாது, பைட் வேறனா வேறதான். பழைய ஃபாண்ட்லேருந்து மாத்தின ஃபைல்கள்ல இந்த ரெண்டு குறி வடிவம் நிறைய இருக்கும். பட்டியலை உள்ள எடுக்கும்போதும் தேடற வார்த்தையை வாங்கும்போதும் ரெண்டு பக்கமும் நார்மலைஸ் பண்ணிட்டு, அதாவது ஒரே வடிவமா மாத்திட்டு கம்பேர் பண்ணுங்க, பைத்தான்ல யுனிகோடுடேட்டாங்கற மாட்யூல் கூடவே வருது, சி-னா ஐசியூ லைப்ரரி இருக்கு.

கௌரி அப்படி சரியாகாது. அங்க யாரோ ஔகாரக் குறி தெரியாம கெ அடிச்சு பக்கத்துல ள-ங்கற முழு எழுத்தை அடிச்சிருக்காங்க, கண்ணுக்கு ஒண்ணு மாதிரி இருக்கும், யுனிகோடுக்கு அது வேற எழுத்து, நார்மலைஸ் பண்ணினாலும் மாறாது. கொம்புக்குப் பின்னாடி ள வந்தா ஔகாரமா மாத்துனு ஒரு வரி எழுதிரலாம்னு தோணும், எழுதிடாதீங்க, கெளுத்தி மீன் இருக்கு, தெளிவு இருக்கு, வெள்ளைச்சாமினு பேர் இருக்கு, எல்லாத்தையும் கெடுத்துரும். ள-வுக்கு அடுத்து கொக்கியோ புள்ளியோ வேற எந்தக் குறியும் ஒட்டாம வெறும் ள-வா இருக்கற இடத்தை மட்டும் எடுத்து ஒரு லிஸ்ட் போடச் சொல்லுங்க, ஊர்ப் பேர் தெரிஞ்ச ஒருத்தர் கண்ணால பார்த்துட்டு அப்புறம் மாத்துங்க.